மூக்கனின் முன்பல்

இருநூற்றுப் பதினான்கு. மறந்துவிடாதீர்கள். 1958-இல் பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் ஆஸ்பத்திரியில் மருந்தையா மத்தியாஸ் பிடுங்கிய பற்கள் அவ்வளவு. பெருமையாக அவரே புத்தகத்தில் எழுதிவைத்தது.

அந்த ஆளுக்குத் தெரிந்த வைத்தியம் மூன்று. வயிற்றுக்குப் பேதி உப்பு, காய்ச்சலுக்குக் கசப்புத் தண்ணீர், பல்லுக்குக் குறடு. டவுன் டாக்டரிடம் போக அவர் துண்டுச் சீட்டு எழுதித் தரவேண்டும். துண்டில்லாமல் போனால் அன்றைய பேர் விழாது, கூலி கிடையாது. பல்லுக்கென்று அவர் ஒருநாளும் துண்டு எழுதியதில்லை.

மூக்கன் கவ்வாத்துக்காரன்; தேயிலைச் செடியைக் கத்தியால் வெட்டிவிடுகிறவன். வயது முப்பத்தைந்து, வாய் நிறையப் பல். அந்தத் தை மாதம் ஒரு கிளை வளைந்து தெறித்து மேல் முன்பல்லில் அடித்தது. பல் விழவில்லை. இரண்டு வாரம் துடித்தான், பிறகு நோவு சட்டென்று நின்றது. குணமாகிவிட்டதென்று நம்பி மாரியம்மனுக்குத் தேங்காய் உடைத்தான். மத்தியாஸோ தன் கிராம்பு எண்ணெய்தான் காரணம் என்று புத்தகத்தில் 'குணம்' என்று எழுதினார். அம்மனாவது பேசாமல் இருந்தாள்.

ஆனியில் பல் கறுத்தது. ஈறில் சீழ்க்கட்டி வந்தது. மருந்தையா குறடை எடுத்தார். மூக்கன் வாயை இறுக மூடிக்கொண்டான்.

"தொறடா வாயை!"

"பல்லு ஆடலைங்கையா, கெட்டியா இருக்குங்க. கண்டியில பிடுங்காமலே சரி பண்றாங்களாம். ஒரு துண்டு குடுங்கையா."

"கவ்வாத்து வெட்டுறவனுக்கு முன்பல்லு எதுக்குடா? செடியைக் கடிச்சா வெட்டப் போற?"

கண்டி விஷயத்தை அவனுக்குச் சொன்னது நான். அப்போது எனக்கு அங்கே தொழிற்சங்க வேலை. எங்கள் மகஜரில் கோரிக்கை பதினேழு. பல் என்ற சொல் ஒன்றில்கூட இல்லை. எங்களைப் பற்றியும் எனக்குப் பெரிய மதிப்பில்லை.

வியாழக்கிழமை மூக்கன் துண்டில்லாமலே பஸ் ஏறினான். கினிகத்தேனை வளைவில் வாந்தி எடுத்தான். கண்டிப் பல் டாக்டரின் வாசலில் வாங்குப் பலகையில் போய் உட்கார்ந்தான். பக்கத்தில் ஒருவர் வீங்கிய கன்னத்தை மப்ளரால் மூடியிருந்தார். மப்ளர் விலகியது. மத்தியாஸ்.

"டேய்! துண்டில்லாம எப்படிடா வந்த?"

"ஐயாவுக்கு யாருங்க துண்டு எழுதுனது?"

மத்தியாஸ் மப்ளரை இழுத்து மூடிக்கொண்டார்.

"குறடைத் தோட்டத்துலயே மறந்துட்டு வந்துட்டீங்களாங்கையா?"

அதற்குள் மூக்கனை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். டாக்டர் சிங்களவர், தெரிந்த தமிழில் சொன்னார்: "பல்லு உள்ளுக்கு நரம்பு செத்துப் போச்சு. அதுதான் நோவு நின்னது. அது சுகமானதில்லை. செத்தது வேர் வரைக்கும் அழுகுது. சுத்தம் பண்ணி அடைக்கலாம், பல்லு நிக்கும். மூணு தரம் வரணும்."

மூக்கனுக்கு உடனே விளங்கிவிட்டது. அழுகின கட்டையைச் செதுக்கி எடுத்துவிட்டு வெட்டுவாயில் தார் பூசினால் செடி பிழைக்கிறது. பதினைந்து வருடமாக அதைத்தானே செய்கிறான்! படித்த மருந்தையாவுக்கு இது எட்டவில்லை. எட்டியும் பிடுங்கிக்கொண்டிருந்தார் என்றால் இன்னும் மோசம்.

மெல்லிய ஊசியால் சுரண்டி மருந்து வைத்து அனுப்பினார்கள். வெளியே வந்தான். மத்தியாஸ் மப்ளருக்குள்ளிருந்து கேட்டார்:

"நோவுமாடா?"

"கொஞ்சந்தாங்க. நம்ம கவ்வாத்து மாதிரிதான், பயப்படாதீங்க. இன்னும் ரெண்டு வியாழன் வரச் சொல்றாங்க. துண்டு?"

வாங்கில் உட்கார்ந்தபடியே எழுதினார். அன்றைக்கும் சேர்த்து மூன்று துண்டு. இல்லாவிட்டால் ஐயா எங்கே இருந்தார் என்று மூக்கன் தோட்டத்தில் சொல்லிவிடுவானே!

திரும்பி வந்ததும் திருந்தினாரா? சொந்தப் பல்லுக்குப் பத்திரமாக மருந்து வைத்துக்கொண்டு, மறுநாளே ராக்காயியின் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார். இருநூற்றுப் பதினான்கில் அதுவும் ஒன்று.

1964-இல் நான் மலையிறங்கும்போது மூக்கனை வாயைத் திறக்கச் சொல்லி எண்ணினேன்.

முப்பத்திரண்டு.