அண்ணத்தில் மூன்று முத்து

‘நாள் 26. காலை 7.40. வெள்ளைப் புள்ளி – நில். பார்த்தது: முனுசாமி.’

நோட்டுத் தாளில், பென்சிலில் எழுதிய இந்த ஒரு வரி இப்போது என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் பத்திரமாக இருக்கிறது. ‘நில்’ என்றால் ஆங்கிலத்தில் ‘ஒன்றுமில்லை’. சுரங்க ஆபீஸ் பாஷை. இந்தத் தங்கச் சுரங்க ஊரின் காகிதங்கள் எவ்வளவோ சேர்த்து வைத்திருக்கிறேன். பழைய நோட்டீஸ், கேஜ் எனும் சுரங்கக் கூண்டில் இறங்கும் டோக்கன் சீட்டு, பள்ளிக்கூட ஆண்டு விழா அழைப்பிதழ்... எதுவும் எனக்கு இவ்வளவு சந்தோஷம் தந்ததில்லை.

நடந்ததைத் தேதி வரிசைப்படியே சொல்கிறேன். வேறு மாதிரி எனக்குச் சொல்ல வராது.

நீர் சொட்டும் பழைய சுரங்கங்களில் மணல் துகளைச் சுற்றிச் சுண்ணாம்பு படிந்து, உருண்டு உருண்டு முத்தாகிவிடும் என்று கொஞ்ச நாள் முன்பு பத்திரிகையின் இந்தப் பக்கத்தில் எழுதியிருந்தேன். அதற்கு ராபர்ட்சன்பேட்டையிலிருந்து ஸ்டெல்லா என்ற வாசகி கடிதம் போட்டார். பிரசவ வார்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நர்ஸ். ‘கல்லுக்குள் இருக்கிற முத்தை எழுதிவிட்டீர்கள். உடம்புக்குள் இருக்கிற முத்துகளை யார் எழுதுவது?’

நியாயமான கேள்வி. ஒரு வாரம் உட்கார்ந்து படித்தேன். படிக்கப் படிக்க ஆச்சரியம்தான்.

அம்மை போட்டால் ‘முத்து’ என்று நாமே சொல்கிறோம். மற்ற முத்துகள் தெரியுமா? பல்லின் மேல்பூச்சு இடம் தவறி வேரில் ஒரு துளியாக உறைந்துவிட்டால் அது எனாமல் முத்து. செவிப்பறைக்குப் பின்னால் வெள்ளையாகத் திரண்டு வளர்ந்து, எலும்பையே அரிக்கிற கட்டி ஒன்று உண்டு. அதற்கும் பழைய டாக்டர்கள் வைத்த பெயர் முத்துக் கட்டி. சில வகைப் புற்றுநோய்களில் மைக்ராஸ்கோப்புக்கு அடியில் வெங்காய வளையம் போலத் தெரிவதும் முத்துதான். அந்த முத்தைக் கண்டு யாரும் சிரிப்பதில்லை. மாட்டுக் காசநோய்க்கு ஜெர்மன்காரர்கள் வைத்த பெயர்கூட முத்து நோய் – மாட்டின் நெஞ்சுக்குள் மணி மணியாகக் கட்டி வருமாம். பழுத்த டாக்டர் ஜூனியருக்குச் சொல்லிக் கொடுக்கும் ஒற்றை வரி அனுபவம் இருக்கிறதே, ஆங்கிலத்தில் அதுவும் முத்து.

இரும்புக்குள்ளும் உண்டு. உருக்கு ஆறும்போது உள்ளே மெல்லிய அடுக்குகள் உண்டாகும். மெருகேற்றிப் பார்த்தால் சிப்பியின் உட்புறம் போல மின்னும். அதனால் அதன் பெயர் பேர்லைட். கேஜை இறக்கி ஏற்றும் இரும்பு வடத்தின் கம்பிகள் இந்த உருக்கில் செய்யப்படுபவை. யோசித்துப் பாருங்கள்... ஷிப்ட்டுக்கு ஷிப்ட் எத்தனை ஆயிரம் பேர் முத்தில் தொங்கிக்கொண்டு பூமிக்குள் போய்த் திரும்பியிருக்கிறார்கள்!

என் பட்டியலின் கடைசி வரி: ‘பிறந்த குழந்தையின் வாயில் வரும் வெள்ளை முத்துகள். தானே மறையும்.’ இதை எழுதி முடித்த மறுநாள் காலை, பக்கத்து வீட்டுக் கவிதா சுவர் அருகே வந்து கூப்பிட்டாள்.

“அங்கிள், சீக்கிரம் வாங்க. அப்பா ஊசி எடுத்து வச்சுனு உக்காந்துகீறாரு.”

நாங்கள் ஊரிகத்தில் ஒரே லைனில், சுரங்கத் தொழிலாளர் வீட்டு வரிசையில், இருப்பவர்கள். பிரசவத்துக்கு அப்பா வீட்டுக்கு வந்திருக்கிறாள் கவிதா. பெண் குழந்தை. அன்று பத்தாவது நாள். இரண்டு நாள் முன்பு, கூலிக்குக் குளிப்பாட்ட வரும் ஒரு அம்மா, குழந்தை அழும்போது வாய்க்குள் மூன்று வெள்ளைப் புள்ளிகளைப் பார்த்திருக்கிறார். “மேல பல்லு மொளைக்குதும்மா. தாய்மாமனுக்கு ஆகாது” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மேல் பல் முதலில் வந்தால் மாமனுக்குக் கண்டம் என்று நம்புகிறவர்கள் எங்கள் பக்கம் இன்னும் நிறைய. அவர் அப்படிச் சொன்ன அன்று சாயங்காலமே அந்தத் தாய்மாமன் – கவிதாவின் அண்ணன் மோகன் – பங்காருப்பேட்டை ஸ்டேஷன் வாசலில் ஸ்கூட்டரோடு சறுக்கி விழுந்தார். இடது மணிக்கட்டில் கட்டு. போதாதா?

தினமும் ரயிலில் பெங்களூர் வேலைக்குப் போய்வரும் மோகன் அதுவரை மருமகளைப் பார்க்க வரவில்லை; விழுந்த பிறகு வருவதாகவும் இல்லை. கூப்பிட்டால், “பெங்களூர் டிரெயின் லேட்டு, வேலை ஜாஸ்தி” என்பார். முப்பதாம் நாள் தொட்டில் போட வேண்டும். குழந்தையை முதலில் மடியில் வாங்க வேண்டியவர் அவர்தான். “அண்ணன் வராம என் பொண்ணு தொட்டில் ஏறணுமா அங்கிள்?” என்று கேட்டாள் கவிதா. அழவில்லை.

அப்பா முனுசாமி சுரங்கத்தில் சாம்பிள் எடுப்பவராக இருந்தவர். உளியும் சுத்தியலும் வைத்துப் பாறையைக் கொஞ்சம் கொத்தி, பையில் போட்டுச் சோதனைக்கு அனுப்புவது அவர் வேலை. ஆயுள் முழுக்க அதையே செய்தவருக்கு வேறு வழி எப்படித் தோன்றும்?

“ஊசியக் கொதிக்கிற தண்ணியில போட்டு எடுத்துட்டேன் சார். கொஞ்சூண்டு சுரண்டி எடுத்தா பல்லா இன்னான்னு தெரிஞ்சிடும். சாம்பிள் எடுக்காம எதையும் சொல்லக்கூடாது.”

“டாக்டர்கிட்ட காட்டினீங்களா?”

“நேத்தே காட்டினோம். அரை நிமிஷம். டார்ச் அடிச்சாரு, ஒண்ணுமில்ல போங்கன்னாரு. தொட்டே பாக்கல.”

நான் பெருமையாக என் பட்டியலை எடுத்து வாசித்தேன். பொறுமையாகக் கேட்டார். “அது புஸ்தகத்துப் பாறை சார். இது நம்ம பாறை.”

அதோடு என் படிப்பு முடிந்தது. ஸ்டெல்லாவுக்குப் போன் போட்டேன். அரை மணி நேரத்தில் ஆட்டோவில் வந்து இறங்கினார். கையைக் கழுவினார், குழந்தை அழக் காத்திருந்தார், போன் வெளிச்சத்தில் பார்த்தார். அவரும் தொடவில்லை.

“அண்ணே, ரெண்டு புள்ளி அண்ணத்து நடுவுல இருக்குது. நடு அண்ணத்துல யாருக்காவது பல்லு மொளைக்குமா? உங்களுக்கு மொளைச்சுதா?”

முனுசாமி நாக்கால் தன் அண்ணத்தைத் தடவிப் பார்த்துக்கொள்வது வெளியே தெரிந்தது.

“ஈறுல ஒண்ணு இருக்கே சிஸ்டர்?”

“அது இதுங்களோட கூடப் பொறந்தது. அம்மா வயித்துல வாயோட ரெண்டு பக்கமும் ஒண்ணு சேரும்போது துளித் தோலு உள்ள மாட்டிக்கும். அதுதான் வெள்ளையாத் தெரியுது. நான் பார்த்த புள்ளைங்கள்ல பாதிக்கு மேல இருந்துச்சு. சுரண்டினா புண்ணாகும், சீழ் வைக்கும். பச்சப் புள்ள பால் குடிக்க முடியாது. தொடக்கூடாதுன்னுதான் டாக்டர் தொடல.”

முனுசாமி தலையாட்டினார். ஊசி மட்டும் கையிலேயே இருந்தது. மகனுக்காகப் பேத்தியைக் குத்தத் துணிந்த மனிதர். எந்தப் பக்கம் நகர்ந்தாலும் அவருக்கு வலிதான்.

அப்போதுதான் அவர் தலைக்குப் பின்னால் சுவரைப் பார்த்தேன். கீழே பாறை வெடிக்கும் அதிர்வில் எங்கள் லைன் வீடுகளில் விரிசல் விடுவது சகஜம். அந்த விரிசலின் குறுக்கே ஒரு சிமெண்ட் பட்டை. அதில் ஆணியால் கீறிய தேதி. அவர் போட்டதுதான்.

“முனுசாமி, சுவத்துல விரிசல் வந்தப்ப ஏன் இடிச்சுப் பாக்கல?”

“இடிச்சா வீடு போயிடும் சார். பட்டை போட்டுத் தேதி எழுதி வச்சா, வளருதா நின்னுச்சான்னு தானாத் தெரியும்.”

சொல்லி முடித்தவர், தான் சொன்னதைத் தானே கேட்டது போல நிமிர்ந்தார். ஊசியை நூல் டப்பாவில் போட்டு மூடினார்.

“பேப்பர் குடுங்க.”

பிறகு நடந்தது அசல் சுரங்க வேலை. அண்ணத்துக்கு ஒரு மேப் வரைந்தார். மூன்று புள்ளி குறித்தார். தினமும் காலை ஏழு நாற்பது, பேத்தி பாலுக்கு அழும் நேரம், அன்றைய அளவு. கவிதா பார்த்துச் சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டார். “நீ அம்மா. நல்லதாத்தான் சொல்லுவ” என்பார். அந்தத் தாளைத் தினமும் போட்டோ எடுத்து அண்ணனுக்கு அனுப்பினாள் கவிதா. பதிலுக்குக் கட்டைவிரல் படம் மட்டும் வரும்.

பதினாறாம் நாள் ஈறுப் புள்ளி காணோம். மறுநாளிலிருந்து லைனில் பாதிப் பேர் “இன்னிக்கு எத்தினி?” என்று கேட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போனார்கள். குளிப்பாட்ட வரும் அம்மாவும் கேட்டார். இருபத்தோராம் நாள் ஒன்றே ஒன்று. அன்று ஏழு ஐம்பதுக்கு, ஓடுகிற ரயிலிலிருந்து மோகனின் போன்.

“அப்பா, போட்டோ இன்னும் வரல. எத்தனை?”

இருபத்தாறாம் நாள், சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு முனுசாமி என் வாசலில் நின்றார். “நில் சார்.” பாறைக்கு ‘நில்’ என்று வந்தால் அங்கே தங்கம் இல்லை என்று அர்த்தம், சுரங்கத்தில் எல்லார் முகமும் விழுந்துவிடும். ஒரு ‘நில்’லைக் கொண்டாடி அவர் ஸ்வீட் வாங்கியது இதுதான் முதல் தடவையாம். லைன் முழுக்க மைசூர்பாகு!

ஒன்று புரிந்தது. சும்மா இருங்கள் என்று சொன்னால் பயந்த மனிதனால் இருக்க முடிவதில்லை. கையில் ஒரு பென்சிலைக் கொடுத்தால் இருந்துவிடுகிறான்.

முப்பதாம் நாள் மோகன் வந்தார். கட்டுப் போட்ட கையோடு வாசலிலேயே தயங்கி நின்றார்.

“இன்னாண்ணா, டிரெயின் கெடைச்சுதா?” என்றாள் கவிதா.

“பயந்துட்டேன் கவி. திட்டறதுன்னா அப்பால திட்டு. மொதல்ல குடு.”

கொடுத்தாள். ஒரு கையால் வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். வாய்க்குள் பார்ப்பார் என்று நினைத்தேன். பார்க்கவில்லை. தொட்டிலில் போடும் நேரம் வந்து மூன்று முறை கூப்பிட்டும் மடியை விட்டு இறக்கவில்லை. முனுசாமி அந்தப் பக்கம் திரும்பி, சுவரையே ரொம்ப நேரம் ஆராய்ந்துகொண்டிருந்தார்.

பதிவுக்காக ஒன்று. மடியில் வாங்கியதுமே மருமகள் தன்னைப் பார்த்துச் சிரித்தாள் என்று மோகன் சத்தியம் செய்கிறார். முப்பது நாளில் ஆள் பார்த்துச் சிரிப்பது ரொம்பச் சீக்கிரம் என்கிறார் ஸ்டெல்லா. அந்த நிமிஷம் நான் பாயசத்தில் கவனமாக இருந்துவிட்டேன் – ஆகவே, இத்தகவல் இன்னும் உறுதி செய்யப்படவில்லை.