எல்லா டிக்கும் போட்ட செல்போன்

வெள்ளிமலைக் காட்டில் ஏதோ பேய் என் செல்போனைப் பிடித்துக்கொண்டது என்றுதான் முதலில் நம்பினேன். மலைப்பாதையில் ஜீப் ஏறும்போது போன் தானாக அணைந்தது. எரிந்தால் கம்பெனிச் சின்னம் மட்டும் தெரியும், உடனே மறுபடி இருளும். மகளின் கல்யாணப் படங்கள் அதில் மட்டுமே இருந்தன. வெளியே பனி பாதையை மூடியது. திரைக்கு விபூதி பூசினேன்.

“நேத்து அதுல இன்னா நோண்டிக்கினு இருந்தீங்க?” என்றாள் ஜீப்பில் பக்கத்தில் இருந்த மனைவி.

“ரூட் பண்ணி, அதான் கம்பெனி போட்ட பூட்டை ஒடைச்சு, சிஸ்டம் ஃபைலைத் தொறந்தேன். பர்மிஷன் கம்மியா இருந்துச்சு. வேகமா ஓடட்டும்னு எல்லாத்துக்கும் டிக் போட்டேன்.”

“அப்போ பேய் காட்டுல இல்ல, என் பக்கத்துலதான் குந்திக்கினு இருக்குது!”

இப்போதெல்லாம் படங்களை வேறிடத்தில் சேமிக்காமல் எந்த அனுமதியையும் தொடுவதில்லை. அன்று மலையிறங்கியதும், நான் மாற்றிய அனுமதிகளால்தான் போன் கிளம்பவில்லை என்று கள்ளக்குறிச்சி செல்போன் கடைக்காரர் சொன்னார். எல்லாவற்றையும் அழித்துவிட்டுத்தான் அதைக் கிளப்ப முடிந்தது. கல்யாணப் படம் ஒன்றுகூட மிஞ்சவில்லை.