வடைக்குத் தைத்த பை

ஒரு பெருமழைக்குப் பிறகு எங்கள் அடுக்குமாடியின் கீழே ஓடும் லோங்காங், அந்தப் பெரிய சாக்கடை, அடைத்துக்கொண்டது. சாக்கடைத் தண்ணீர் மோட்டார் சைக்கிள்கள் நிற்கும் இடம் வரை ஏறி வந்துவிட்டது. மறுநாள் ஞாயிறு. சுங்கை பினாங்கில் இப்படி ஏதாவது ஆனால் யாராவது ஒருவர் கீழே இறங்கிச் சத்தம் போடுவார், கொஞ்ச நேரத்தில் பத்துப் பேர் கூடிவிடுவார்கள். நானும் அரைக்கால் சட்டையோடு இறங்கினேன். என் கையில் ஒரு நீளமான இரும்புக் கொக்கியைக் கொடுத்தார்கள்.

கொக்கியை விட்டு இழுத்ததும் தலையணை அளவுக்கு ஒரு பந்து வெளியே வந்தது. முழுக்கப் பிளாஸ்டிக் பைகள். பக்கத்து வீட்டுக்காரர் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். மூக்கைப் பிடித்துக்கொண்டே, "எவன்தான் இப்படி வீசுறானோ தெரியல லா" என்றார்.

நான் குனிந்து பார்த்தேன். பந்தின் மேலேயே சில சின்னப் பைகள் தெரிந்தன. வாயை இரண்டு முறை முறுக்கி, நுனியை உள்ளே செருகிக் கட்டிய முடிச்சு. அது என் முடிச்சு. வடை வாங்கித் தின்றுவிட்டு, மிஞ்சிய பச்சை மிளகாயைப் பையோடு கட்டி, மாடிப்படி ஓரத்தில் இருக்கும் குப்பைத் தொட்டியைப் பார்த்து எறிவது என் வழக்கம். எறிந்ததெல்லாம் தொட்டிக்குள்தான் விழுகிறது என்று நம்பிக்கொண்டிருந்தேன். ஒரு பையில் மிளகாய் அப்படியே இருந்தது. அதை மற்றவர்கள் பார்ப்பதற்குள் குப்பைச் சாக்கில் திணித்தேன்.

அன்று மாலை மனைவியிடம் மட்டும் சொன்னேன். அவள் ஒரு கிளினிக்கில் பதிவு மேசையில் இருக்கிறாள். ஆட்களைச் சமாதானப்படுத்துவதுதான் அவள் வேலை, ஆனால் எனக்கு அந்தச் சலுகை கிடையாது.

"அப்ப வடைய நிறுத்துங்க" என்றாள்.

வடையை நிறுத்துவது பற்றி நான் யோசிக்கவே இல்லை. பையை நிறுத்தினால் போதும் என்று முடிவு செய்தேன்.

மறுநாள் எவர்சில்வர் டப்பாவோடு வடைக்கடைக்குப் போனேன். சந்தி முனையில் பெரிய குடைக்குக் கீழே கடை போட்டிருக்கும் அக்கா டப்பாவைப் பார்த்தார், பிறகு என் பின்னால் நின்ற வரிசையைப் பார்த்தார்.

"என்னா தம்பி, சோத்து டப்பாவக் கொண்டாந்திருக்கீங்க?"

"பிளாஸ்டிக் வேணாங்க்கா. இதுல போட்டுக் குடுங்க."

"பையின்னா கை தானா போயிரும். உங்க மூடிய யாரு தொறக்கறது, யாரு மூடுறது? பின்னால ஆளு நிக்குது பாருங்க."

மூடியை நானே திறந்தேன், நானே மூடினேன். அழுத்தி மூடியதுதான் தப்பு. வீட்டுக்கு வந்து திறந்தபோது வடைகள் வியர்த்துக் கிடந்தன. மொறுமொறுப்பு போய், இட்லிக்கும் வடைக்கும் நடுவில் ஏதோ ஒன்றாக மாறியிருந்தன. மனைவி ஒன்றைப் பிய்த்துப் பார்த்துவிட்டு, "ஆவியில வேகவச்சாங்களா?" என்று கேட்டாள்.

காற்றுப் போகிற மாதிரி ஏதாவது வேண்டும், அப்படியானால் துணிப்பைதான் என்று தோன்றியது. அவளிடம் ஒரு தையல் இயந்திரம் உண்டு. ஒரு பை தைத்துத் தரச் சொன்னேன்.

"மெஷின் அங்கதான் இருக்கு. தொழிற்சாலையில பொழுதன்னிக்கும் மெஷினோட மல்லுக்கட்டுற ஆளு நீங்கதானே."

பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுதுபார்ப்பது என் வேலை. அதனால் தையல் இயந்திரத்தைப் பிரித்து மாட்டச் சொன்னால் மாட்டிவிடுவேன். ஆனால் நேராக ஒரு கோடு தைப்பது வேறு கலை. என் பழைய கைலி ஒன்றை வெட்டி, இரண்டு மாலை உட்கார்ந்து, ஒரு பக்கம் மற்றதைவிட நீளமாக ஒரு பையைத் தைத்து முடித்தேன். வாயைச் சுருக்க ஒரு நாடாவும் கோத்தேன். அதை மேசைமேல் வைத்து எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள்.

அந்த வாரம் எனக்கு மதிய ஷிப்ட். கைலிப் பையில் சுடச்சுட ஐந்து வடைகளை வாங்கிக்கொண்டு கம்பெனி பஸ்ஸில் ஏறி, பையை மடியில் வைத்துக்கொண்டேன். குளுகுளு காற்றில் கண் அசந்துவிட்டது. இறங்கும்போதுதான் பார்த்தேன், சாம்பல் நிறச் சீருடைக் கால்சட்டையின் முன்பக்கத்தில் ஓர் உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய். மாற்றுத் துணியும் இல்லை. எட்டு மணி நேரம் அப்படியே நடமாடினேன். என்னோடு வேலை செய்பவர் ஒருவர், தீவுக்கு அக்கரையில் இருக்கும் கெப்பாலா பத்தாஸ்காரர், கறையைத் தலை சாய்த்துப் பார்த்தார்.

"அப்படியே பினாங்குத் தீவு மாதிரி இருக்குண்ணே. எங்க ஊரக் காணோமே?"

"அக்கரையில இருக்கு. நாளைக்கு அந்தக் கால்ல போட்டுக்கறேன்" என்றேன். வேறு என்ன சொல்வது?

கால்சட்டையை ஊறவைத்தபோது மனைவிக்கே பாவமாக இருந்திருக்க வேண்டும். "பைக்குள்ளாற வாழையெலய வைங்க. இதுக்குப் போயி எதுக்கு இவ்வளவு பாடு?" என்றாள். எனக்கு அது ஏன் தோன்றவில்லை என்று இன்றுவரை தெரியாது. சனிக்கிழமை பாசாரில் ஒரு கட்டு இலை வாங்கி, துடைத்து, துண்டு போட்டுக் குளிர்பெட்டியில் வைத்துக்கொண்டேன். பைக்குள் இலை, இலைக்குள் வடை. எண்ணெய் வெளியே வரவில்லை, வடையும் வியர்க்கவில்லை. சூட்டில் இலை வாடி எழுப்பிய வாசனையில் ஐந்து வடை எட்டு வடைக்குச் சமமாக இருந்தது.

இந்த வெற்றி தலைக்கேறிவிட்டது. தீபாவளிக்கு உடன் வேலை செய்பவர்களுக்கெல்லாம் முறுக்கைத் துணிப்பையில் போட்டுத்தான் கொடுப்பேன் என்று அடம்பிடித்தேன். மூன்று வாரம் உட்கார்ந்து இருபது பைகள் தைத்தேன். ஆனால் முறுக்கை இரண்டு நாள் முன்பே பைகளில் போட்டுக் கட்டி வைத்ததை மனைவி கவனிக்கவில்லை. அந்த இரண்டு நாளும் மழை. எல்லாருக்கும் கொடுத்துவிட்டு என் பங்கை நான் கடித்தபோது சத்தமே வரவில்லை. நன்றாக நமுத்துப்போயிருந்தது. யாரும் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. ஒரு மலாய்க்காரச் சகோதரி மட்டும், இந்த வருடம் முறுக்கு புது வகையா, மெத்தென்று இருக்கிறதே என்று அன்போடு கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அதிலிருந்து முறுக்கு, கடலைக்கெல்லாம் இறுக்கி மூடுகிற பழைய ஜாம் போத்தல்தான்.

தீபாவளி முடிந்து சில வாரங்கள் கழித்து ஒரு சனிக்கிழமை, பாசாரில் இலைக்கட்டை வாங்கிக்கொண்டு வடைக்கடைக்கு வந்தேன். மனைவியோடு வேலை செய்பவர்கள் கேட்டார்கள் என்று ஐந்து புதுப் பைகள் தைத்து எடுத்து வந்திருந்தேன். வடையை வாங்கிக்கொண்டு அப்படியே கிளினிக்குக்குப் போய் அவளிடம் கொடுக்க வேண்டும். கடையில் வழக்கத்தைவிட நீளமாக வரிசை நின்றது, ஆனால் நகரவில்லை. அக்கா பழைய பேப்பரில் வடையைச் சுற்றப் பார்த்தார். எண்ணெயில் பேப்பர் கிழிந்து கையோடு வந்தது.

"பை கொண்டாற ஆளு இன்னிக்கு வரல. நேத்தே முடிஞ்சு போச்சு" என்று யாரிடமோ சொன்னவர், என்னைப் பார்த்ததும் நிறுத்தினார். "தம்பி, கையில என்னா அது?"

"பைங்க்கா. வேற ஆளுங்களுக்குத் தச்சது."

அக்கா வரிசையைப் பார்த்தார், எண்ணெய்ச் சட்டியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். கேட்கவில்லை. கேட்காததால்தான் என்னால் மறுக்க முடியவில்லை.

கடை மேசையின் ஓரத்தில் நின்று இலையைக் கிழித்துப் பைகளுக்குள் விரித்துக் கொடுத்தேன். உடற்பயிற்சி முடித்து வந்த ஒரு சீன அம்மா, மருத்துவமனைச் சீருடையில் ஒரு மலாய் அண்ணன், இரண்டு ஆசிரியைகள், ஒரு தாத்தா. ஐந்து பேருக்கும் ஐந்து பை. கழுவிக் கடையிலேயே கொடுத்துவிடுங்கள் என்று அவரவர் மொழியில் எனக்குத் தெரிந்த அளவு சொன்னேன். கடைசிப் பை நீலக் கட்டம் போட்டது. நான் தைத்ததிலேயே தையல் நேராக அமைந்த ஒரே பை அதுதான். தாத்தா அதை வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனதைப் பார்த்தபோது மனது லேசாக வலித்தது. மற்றவர்களுக்கு வெறும் இலையில் சுற்றி நூல் கட்டிக் கொடுத்தோம். எனக்கு வடை மிஞ்சவில்லை.

அடுத்த வாரம் கடைக்குப் போனபோது அக்கா எனக்கென்று மூன்று பைகளை எடுத்து வைத்திருந்தார். ஒன்று இஸ்திரி போட்டு மடித்திருந்தது. மருத்துவமனைக்காரருடையது கனமாக இருந்தது. உள்ளே அவர் வீட்டில் சுட்ட பஹுலு, அந்தச் சின்ன முட்டைக் கேக்குகள்.

"ஆறு வச்சிருந்தாரு. ஒண்ண நான் தின்னுட்டேன், இப்பவே சொல்லிட்டேன்" என்றார் அக்கா.

நான்காவது பை பிறகு ஒருநாள் வந்தது. நீலக் கட்டம் வரவே இல்லை. ஒரு மாதம் வரை வரிசையில் நிற்கும் தாத்தாக்களின் கைகளையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு விட்டுவிட்டேன்.

அக்கா மாறிவிட்டார் என்று சொன்னால் பொய்யாகிவிடும். பிளாஸ்டிக் பைகள் இன்னமும் அவர் கைக்கெட்டும் தூரத்தில்தான் தொங்குகின்றன. ஆனால் குடைக் கம்பியின் மறுபக்கம் என் பைகள் தொங்குவதற்கும் ஒரு கொக்கி போட்டிருக்கிறார். வேண்டியவர்கள் எடுத்துக்கொள்வார்கள், சிலர் திருப்பித் தருவார்கள். டப்பா கொண்டு வருகிறவர்களிடம் அவரே, "மூடிய இறுக்காதீங்க, வடை வேர்த்துப் போயிரும்" என்கிறார். ஏதோ அவரே கண்டுபிடித்த மாதிரி.

மனைவி இப்போது பிஸ்கட் வைக்க ஜிப் வைத்த பை ஒன்று கேட்டிருக்கிறாள். அது என் கைக்கு அடங்காது என்று அவளே சொல்லிவிட்டுத்தான் கேட்டாள். மூன்று ஞாயிறு போய்விட்டது, ஓர் ஊசியும் முறிந்துவிட்டது. போன வாரம் அவள் பக்கத்தில் உட்கார்ந்து துணியை இழுத்துப் பிடித்துக்கொள்ள, ஒருவழியாகத் தைத்து முடித்தேன். ஜிப் முக்கால் தூரம் வரை வந்து நின்றுகொள்கிறது. பரவாயில்லை என்று சொல்லி, திங்கட்கிழமை காலையில் அதில் பிஸ்கட்டைப் போட்டு எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனாள்.