எந்தத் தோட்டம், தங்கச்சி?

திருகோணமலையில் எனக்கு அது முதல் நாள். விடுதியில் அறிமுகமான இரண்டு பெண்களோடு கடற்கரையோரம் நடந்துகொண்டிருந்தேன். அவர்களிடம் என் ஊர் கொழும்பு என்று சொல்லி வைத்திருந்தேன்.

வழியில் என் முதுகுப்பையின் ஒரு வார் அறுந்துவிட்டது. யோசிக்காமல் மற்ற வாரைத் தலையில் மாட்டி, பையை முதுகில் தொங்கவிட்டேன். பதுளையில், தேயிலைத் தோட்டத்தில், அம்மா கொழுந்துக்கூடையை அப்படித்தான் சுமப்பார்.

கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த ஓர் அக்கா நிமிர்ந்து பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"நம்ம ஆளா? எந்தத் தோட்டம், தங்கச்சி?"

கூட வந்தவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"தோட்டமா? நான் கொழும்பு" என்றேன் வெடுக்கென்று.

அவர் சிரிப்பு அடங்கிவிட்டது. ஆனாலும் எழுந்து வந்தார். தோளில் கிடந்த துவாயை நாலாக மடித்து, என் தலைக்கும் வாருக்கும் நடுவில் வைத்து அழுத்தினார். மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகும்போது அம்மா வைத்துக்கொள்ளும் அதே மடிப்பு.

"இல்லாட்டி தலை வலிக்கும், மிஸ்" என்றார்.

ஒரு நிமிடத்துக்கு முன்புதான் நான் அவருக்குத் தங்கச்சியாக இருந்தேன்.

அந்தத் துவாய் இன்னும் என்னிடம் இருக்கிறது. யார் கொடுத்தது என்று அம்மா ஒருமுறை கேட்டார். கடையில் வாங்கினேன் என்று சொல்லிவிட்டேன்.