பிரேக் ஆயில் குடித்த கார்

எங்கள் காரில் பிரேக் ஆயில் காணாமல் போய்க்கொண்டிருந்தது. ஊற்றி வைத்த நாலைந்து நாளில் டப்பா பாதியாகிவிடும். குனிந்து பார்த்தால் தரையில் ஒரு சொட்டு கிடையாது. சக்கரங்களைக் கழற்றிப் பார்த்தோம், உள்ளே வெறும் புழுதி.

எங்கள் என்றால் நானும் என் நாத்தனாரும். நான் பல் டாக்டர். காளவாசலுக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டு முன்னறைதான் கிளினிக். என் வீட்டுக்காரரின் தங்கையான அவள் ஸ்கூலில் பிசிக்ஸ் டீச்சர், அடுத்த தெருவில் வீடு. எங்கள் இரண்டு பேரையும் விட வயதில் மூத்த அந்தக் காரைத் திருமங்கலத்தில் ஒரு பருத்திக் குடோனில் பார்த்தோம். பார்த்த அன்றைக்கே வாங்கி ஓட்டிக்கொண்டு வந்துவிட்டோம். வீட்டுக்காரர் ஸ்கூட்டரில் பின்னால் வந்தார், நல்ல இடைவெளி விட்டு.

காரணம் பிரேக். மிதித்தால் பாறையை மிதிப்பது மாதிரி இருக்கும். சிக்னல் வந்தால் நான் சீட்டை விட்டு எழும்பி, ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு அதன் மேல் ஏறியே நிற்பேன். ஒரு ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்து, "என்னக்கா, உள்ள ஏதும் பாம்பு கெடக்கா?" என்று கேட்டார்.

ஒருநாள் மத்தியானம் நாத்தனார் ஸ்கூலிலிருந்து போன் செய்தாள்.

"மதினி, நம்ம கார் ஸ்டார்ட் பண்ணா வெள்ளையாப் புகை விடுதுல்ல?"

"ஆமா."

"ஆயில் எங்கயும் ஒழுகல மதினி. இன்ஜின் குடிக்குது!"

சாயங்காலம் வந்ததும் இன்ஜினிலிருந்து சர்வோவுக்குப் போகும் காற்றுக் குழாயைப் பிடுங்கினாள். உள்ளே விரலை விட்டு எடுத்தால் விரல் முழுக்க பிரேக் ஆயில். இரண்டு பேரும் வாசலிலேயே குதித்தோம். சர்வோ என்பது தூக்குவாளி அளவுக்கு ஒரு தகர டப்பா. இன்ஜின் காற்றை உறிஞ்சுகிற இழுப்பை வாங்கி, நம் காலுக்குத் துணையாகப் பிரேக்கை அமுக்கித் தரும். உள்ளே ஒரு ரப்பர் விரிப்பு இருக்கும். சக்கரத்துக்குப் போகிற ஆயிலும் அந்த டப்பாவைத் தாண்டித்தான் போகவேண்டும். நடுவில் தடுக்கிற ரப்பர் வளையம் தேய்ந்துபோனதால், இன்ஜின் காற்றோடு ஆயிலையும் சேர்த்து உறிஞ்சிப் புகையாக விட்டுக்கொண்டிருந்தது.

புது ரப்பர் சாமான்கள் பார்சலில் வந்து சேர்ந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் டப்பாவைப் பிரித்தோம். மூடியைத் திருகியதும் உள்ளேயிருந்த ஸ்பிரிங் எகிறி, வீட்டுக்காரரின் காபி டம்ளரைத் தட்டிவிட்டுப் போய்க் குரோட்டன்ஸ் தொட்டியில் விழுந்தது. அவர் பேப்பரோடு உள்ளே போய்விட்டார்.

ரப்பர் விரிப்பு கிழிந்து கிடந்தது, பிரேக் பாறையானது அதனால்தான். பழைய வளையம் பள்ளத்தில் ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. எந்த ஸ்குரூடிரைவரும் உள்ளே நுழையவில்லை. கிளினிக்குள் ஓடிப்போய், சொத்தையைக் குத்திப் பார்க்கிற ஊசியையும் வாய்க்குள் விட்டுப் பார்க்கிற குட்டிக் கண்ணாடியையும் எடுத்து வந்தேன். கடைவாய்ப் பல்லில் மாட்டிய கறிநாரை எடுப்பது மாதிரி, வளையம் சுருண்டு வெளியே வந்தது.

"மதினி, நீங்க படிச்ச படிப்பு வீண் போகல," என்றாள்.

உள்ளே லேசாகக் கறை பிடித்திருந்தது. பல் பாலீஷ் போடும் மிஷினை வைத்துத் தேய்த்ததில் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. ரப்பரில் பெட்ரோல் பட்டால் உப்பிப்போகும் என்று, எல்லாவற்றையும் புது பிரேக் ஆயிலிலேயே கழுவி மாட்டினோம். காரில் பொருத்தி, குழாய்களில் இருந்த காற்றை வெளியேற்றி, இன்ஜினைப் போட்டேன். புகை இல்லை. ஆனால் மிதித்தால் அதே பாறை.

இன்ஜினை அணைத்து, பிரேக்கை நாலைந்து தடவை மிதித்துவிட்டு, கடைசியில் காலை எடுக்காமல் மறுபடி ஸ்டார்ட் செய்தேன். சர்வோ வேலை செய்தால் கால் கொஞ்சம் கீழே இறங்கவேண்டும். அசையவே இல்லை.

நாத்தனார் என்னைப் பார்த்தாள். "மதினி, உங்க கிளினிக்ல எச்சில் உறிஞ்சுற மிஷின் இருக்குல்ல?"

டப்பாவைக் குழாயோடு கழற்றி உள்ளே தூக்கிக்கொண்டு போனோம். வைக்க வேறு இடமில்லை, நோயாளி படுக்கும் நாற்காலியிலேயே கிடத்தினோம். சீட்டில் ஆயில் படக்கூடாதே என்று, நோயாளிக்குக் கட்டும் துணியை அதற்கும் கட்டிவிட்டேன். குழாயின் நுனியை மிஷினில் மாட்டி, பெரிய லைட்டை மேலே திருப்பினோம். மிஷின் உறுமியது, டப்பாவில் ஒன்றும் நடக்கவில்லை.

அப்போது கதவு திறந்தது. கன்னம் பூரி மாதிரி வீங்கிய ஒரு பெரியவர் நின்றார். சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருப்பவர், முன்பே என்னிடம் வந்து போகிறவர்தான். நாற்காலியைப் பார்த்தார், எங்கள் கறுத்த கைகளைப் பார்த்தார்.

"வலி தாங்கல டாக்டரம்மா, அதான் ஞாயித்துக்கிழமைன்னும் பாக்காம வந்துட்டேன். இவருக்கு முடிச்சுட்டே என்னையப் பாருங்க, நான் இருக்கேன்."

நாத்தனார் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்புக்கு நடுவிலேயே குழாயில் இருந்த சின்ன வால்வைக் கழற்றி, துடைத்து, உதட்டில் வைத்து உறிஞ்சினாள். அது காற்றை ஒரு பக்கமாக மட்டும் விடுகிற வால்வு. சிரிப்பு நின்றது. திருப்பி வைத்து உறிஞ்சினாள். அவள் கண் விரிந்தது.

"தலைகீழா மாட்டியிருக்கோம் மதினி! நாமதான் மாட்டியிருக்கோம்!"

திருப்பி மாட்டி மிஷினைப் போட்டோம். டப்பாவின் துளைக்குள் ஊசியை விட்டு, பிரேக்கை மிதித்தால் ஆயில் தள்ளுகிற பித்தானை மெல்ல அமுக்கினேன். 'டொப்' என்று டப்பா துணியோடு ஒரு துள்ளு துள்ளியது. பெரியவரும் கூடவே துள்ளினார்.

"உசுரு வந்துருச்சே!" என்றார், கன்னத்தைப் பிடித்துக்கொண்டே.

நான் நாற்காலியையும் கையையும் கழுவி, அவர் பல்லைப் பிடுங்கினேன். வாசலில் அண்ணனும் தங்கையும் சர்வோவை மாட்டிக்கொண்டிருந்தார்கள். "மிதிண்ணே... விடாத... இப்ப விடு!" என்று அவள் போட்ட சத்தம் உள்ளே கேட்டது. பெரியவர் பஞ்சைக் கடித்தபடி, மரத்துப்போன வாயோடு காது கொடுத்துக் கேட்டார். ரத்தம் நின்றதும், "வாங்க, ஊர்ல விட்டுர்றோம்," என்றேன். உடனே ஏறி உட்கார்ந்துவிட்டார்.

மேலக்கால் ரோட்டில் போகும்போது முன்னால் ஆட்டு மந்தை ஒன்று குறுக்கே வந்தது. பழக்க தோஷம், எழும்பி ஏறி மிதித்துவிட்டேன். கார் ஆணி அடித்துவைத்த மாதிரி நின்றது. நாத்தனார் டாஷ்போர்டில் கை ஊன்றினாள். பெரியவர் எங்கள் இரண்டு சீட்டுக்கும் நடுவில் தலையை நீட்டியிருந்தார். பயந்துபோய்த் திரும்பிப் பார்த்தால், பஞ்சைக் கடித்த வாய் காதுவரை விரிந்திருந்தது.

ஆடுகள் போனதும் ரோடு காலியானது. இந்தத் தடவை கொஞ்சம் ஓட்டி, சீட்டில் உட்கார்ந்தபடி, கால் கட்டை விரலை மட்டும் வைத்து அமுக்கிப் பார்த்தேன். வெண்ணெயில் கால் வைத்தது மாதிரி மெத்தென்று நின்றது. நாத்தனார் இறங்கி ஓடிவந்து என்னைத் தள்ளிவிட்டு ஸ்டீயரிங்கைப் பிடித்தாள். கிளப்பி நிறுத்தினாள், மறுபடி கிளப்பி நிறுத்தினாள். கொடிக்கால்களில் வேலை செய்தவர்கள் வரப்பில் ஏறி நின்று, இந்தக் காருக்கு என்ன வந்தது என்று பார்த்தார்கள்.

பெரியவரின் தோட்டத்து வழியும் வந்தது. கதவைத் திறந்துவிட்டேன். அவர் இறங்கவில்லை. பேச முடியாததால், ஒரு விரலை மட்டும் தூக்கிக் காட்டினார். இன்னும் ஒரே ஒரு தடவை.