இரண்டு சாம்பல் பாம்புகள்

எங்கள் பிரிட்ஜின் ஃப்ரீசரில் கறிவேப்பிலைப் பொட்டலத்துக்குப் பக்கத்தில் உறைந்த எலிகள் இருக்கின்றன. காலையில் தோசைமாவை எடுக்கும்போதே இரண்டு எலிகளை எடுத்து வெந்நீரில் போட்டுவிடுவேன். அருப்புக்கோட்டையில் எனக்குத் தெரிந்த பாம்பு இரண்டே வகை: கடிப்பது, கடிக்காதது. கல்யாணமாகி பினாங்கு வந்தபோது, ஜெலுத்தோங் அடுக்குமாடி வீட்டின் பின்னறையில் பன்னிரண்டு பெட்டிகளில் கார்ன் ஸ்நேக் வளர்த்துக்கொண்டிருந்தார் என் கணவர் சேகரன். விஷமில்லாத, கைக்கடக்கமான பாம்புகள். ஆரஞ்சு, வெள்ளை, சாம்பல் என்று ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு பெயர்.

அவருக்கு ஜுருவில் காருக்குப் பெயின்ட் அடிக்கும் வேலை. நிறத்தில் அவர் கண் தப்பாது. இரண்டு சாம்பல் ஆண் பாம்புகளைக் கையில் ஏந்தி, "நல்லா பாருலா. இது அனரி, இது சார்க்கோல். வளர வளர அனரிக்குக் கழுத்தடியில மஞ்சள் ஏறும். சார்க்கோலுக்கு ஏறாது" என்பார். அவர் காட்டும்போது எனக்கும் தெரியும். அவர் நகர்ந்துவிட்டால் இரண்டும் ஒன்றுதான்.

போன வருடம் ஒரு மத்தியானம் வேலையிடத்திலேயே பக்கவாதம் வந்து விழுந்தார். ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக நான் அலைந்த நாட்களில் பின்னறை நாறத் தொடங்கியது. பன்னிரண்டு பெட்டிகளின் மூடிகளையும் குளியலறையில் மொத்தமாகப் போட்டுக் கழுவினேன். அவர் எழுதி ஒட்டிய பெயர்கள் அந்த மூடிகளில்தான் இருந்தன என்பது, அந்தச் சீட்டுகள் கழன்று தண்ணீரில் மிதந்தபோதுதான் உறைத்தது. மற்ற பாம்புகளை நிறம் பார்த்துப் பிரித்துவிட்டேன். சாம்பல் இரண்டு மட்டும் பெயரில்லாமல் நின்றன.

வீட்டுக்கு வந்தவருக்கு வலது கை விளங்கவில்லை. பேச்சும் போய்விட்டது. "ஆமா" என்ற ஒரு சொல்தான் மிச்சம். ஒரு பாம்பைக் காட்டி, "இது சார்க்கோலா?" என்றேன். "ஆமா." "அனரியா?" "ஆமா." நான் மறுபடி மறுபடி கேட்க, அவர் கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது. நிறுத்திவிட்டேன்.

செபராங் ஜெயாவிலிருந்து கோமதி வந்தாள். அவளும் பாம்பு வளர்ப்பவள். தன் பெண் சார்க்கோலோடு சேர்க்க எங்கள் ஆண் சார்க்கோலைக் கேட்டிருந்தாள். கழுத்தடியில் மஞ்சள் இல்லை என்று என் கண்ணுக்குப் பட்ட பாம்பை எடுத்துப் பெட்டியில் வைத்தேன். சேகரன் சக்கர நாற்காலியிலிருந்து இடது கையை நீட்டி அந்தப் பெட்டியை அழுத்திப் பிடித்துக்கொண்டார். "ஆமா, ஆமா."

"விட மனசு வரல அண்ணனுக்கு" என்றாள் கோமதி. எனக்கும் அப்படித்தான் பட்டது. "குடுத்துடலாங்க, நான் ஒருத்தி எத்தனைய பாக்குறது?" என்று அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

ஐந்து மாதம் கழித்து கோமதி போட்டோ அனுப்பினாள். பதினோரு குட்டிகள், அத்தனையும் ஆரஞ்சு. உடனே போன் செய்தாள். "அக்கா, ரெண்டும் சார்க்கோலா இருந்தா குட்டியும் சார்க்கோலாத்தான் வரும். அனரியும் சார்க்கோலும் சேர்ந்தாத்தான் இப்படி ஆரஞ்சா வரும். நீங்க குடுத்தது அனரி லா."

போட்டோவை அவர் முன்னால் நீட்டினேன். "அன்னிக்கு இதத்தான் சொன்னீங்களா?"

"ஆமா."

அதை நம்பவும் முடியவில்லை, நம்பாமலிருக்கவும் முடியவில்லை. அவர் விரல்களைப் பிரித்த என் கையை என்ன செய்வதென்று தெரியாமல் முந்தானையில் துடைத்துக்கொண்டிருந்தேன்.

கோமதி கோபிக்கவில்லை. அனரியைத் திருப்பித் தந்து சார்க்கோலை எடுத்துக்கொண்டாள். ஒரு குட்டியையும் என் உள்ளங்கையில் விட்டாள். "பார்க்க ஆரஞ்சு. உள்ளுக்குள்ள ரெண்டு ஜாதியும் இருக்குக்கா. வெளியே தெரியாது."

அவள் படியிறங்கியதும் அருப்புக்கோட்டையிலிருந்து தங்கை வீடியோவில் கூப்பிட்டாள். பாம்பென்றால் அலறுகிறவள். "சாப்பிட்டியாக்கா?" என்றாள். "பசியாறிட்டேன்" என்றேன், பினாங்குப் பேச்சில். "அதென்ன பேச்சு? மாமாவக் கூட்டிக்கிட்டு ஊருக்கு வந்துரு" என்றாள். "பாக்கலாம்" என்று சிரித்தேன். போனை முகத்துக்கு நேரே உயர்த்திப் பிடித்தேன். அவள் பார்வைக்கு எட்டாமல் மடியில் கிடந்த என் இன்னொரு கையில், குட்டி மெதுவாக வளையலுக்குள் நுழைந்து மணிக்கட்டைச் சுற்றிக்கொண்டிருந்தது.