முருங்கையும் கம்பளிப்பூச்சியும்

ஆறாம் வகுப்பில் அறிவியல் டீச்சர், ஒரு பூச்சியையும் ஒரு மரத்தையும் ஒப்பிட்டு எழுதிவரச் சொன்னார். வேடசந்தூரில் எங்கள் வீட்டு வாசலில் முருங்கை நின்றது. மழைக்காலம் வந்தால் அதன் தண்டு முழுக்கக் கம்பளிப்பூச்சி அப்பிக் கிடக்கும். எனக்கு யோசிக்க அதிக நேரம் ஆகவில்லை.

மரம் கீரையும் காயும் தருகிறது, பூச்சி தின்கிறது. மரம் நின்ற இடத்திலேயே உழைக்கிறது, பூச்சி சும்மா ஊர்ந்து திரிகிறது என்றெல்லாம் எழுதினேன். சொந்த உதாரணம் ஒன்றும் வேண்டும் என்று டீச்சர் சொல்லியிருந்தார். அம்மாவின் தம்பி அப்போது எங்களோடுதான் இருந்தார். "உன் தம்பி இன்னும் எம்புட்டு நாளைக்கு உக்காந்து திங்கப் போறான்?" என்று அப்பா ஒருநாள் அம்மாவிடம் கேட்டது என் காதில் விழுந்திருந்தது. எழுதிவிட்டேன்: 'எங்கள் வீட்டில் அப்பாவும் அம்மாவும் மில்லுக்குப் போகிறார்கள். அவர்கள் மரம். மாமா கம்பளிப்பூச்சி.'

வகுப்பு சிரித்தது. டீச்சரும் வாயைப் பொத்திக்கொண்டு, அந்த வரியை இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தப் பெருமையை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. சத்தமாக வாசித்துவிட்டு நிமிர்ந்தபோது வாசலில் மாமா நின்றிருந்தார். இடுப்பில் என் கைக்குழந்தைத் தம்பி. கையில், அவரே சமைத்து டிபன் கேரியரில் எடுத்துவந்த என் மதியச் சாப்பாடு.

"நல்லா வாசிச்ச பாப்பா," என்றார். "வெஞ்சனத்துக்குப் பொரியல் மேல் தட்டுல இருக்கு. சாச்சுப்புடாத."

வீட்டில் சொல்லிவிடுவார் என்று இரண்டு நாள் பயந்தேன். அவர் சொல்லவில்லை. அந்த வாரக் கடைசியில், பனியன் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள் என்று திருப்பூருக்கு பஸ் ஏறிவிட்டார்.

"நீங்கதான் அவனை என்னமோ சொல்லியிருக்கீங்க," என்று அம்மா அழுதாள்.

"அவன்கிட்ட நான் ஒரு வார்த்தை சொல்லல," என்றார் அப்பா. அம்மா நம்பவில்லை. நான் நோட்டைப் பைக்குள் அடியில் தள்ளிவிட்டுப் பேசாமல் இருந்தேன். இன்றுவரை பேசவில்லை.

திங்கட்கிழமை காலை மில் பஸ் வந்து ஹாரன் அடித்தது. அப்பா மட்டும் ஏறினார். அம்மா தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு, பஸ் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டே நின்றாள். அதன்பிறகு அவள் மில்லுக்குப் போகவே இல்லை. ஏன் என்று நான் யோசிக்கவில்லை. இனி அம்மா எந்நேரமும் வீட்டில் இருப்பாள் என்று குதித்துக்கொண்டே பள்ளிக்கூடம் போனேன்.